மூடிய பங்க்கில் நான்கு நிமிடம்

சிரிப்பதற்கு அவர் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்.

சாணார்பட்டிப் பக்கம் போய்த் திரும்பினால் கல்குவாரி வளைவு. ரெட்டியார்சத்திரம் பக்கம் என்றால் வருடக்கணக்கில் மூடிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்க். ஊருக்குள் என்றால் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டி. அந்த இடம் வரும்வரை தீயணைப்பு வண்டியில் ஒருவரும் சிரிக்கக் கூடாது. வந்ததும் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டுவார். அவர் இறங்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ம்" என்பார். மற்ற ஐந்து பேரும் சிரிக்கத் தொடங்குவார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டு, முடியாதவர்கள் சாலையோரத்தில் குத்தவைத்து. சரியாக நான்கு நிமிடம். பிறகு "ஏறுங்க" என்பார். வண்டி கிளம்பிவிடும்.

தீயணைப்பு வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டுக் காக்கி உடுப்புக்காரர்கள் பட்டப்பகலில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பஸ் பயணி ஒருவர் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். எனக்கு இந்த ஏற்பாடு தெரியவந்தது அப்படித்தான்.

நான் அப்போது திண்டுக்கல்லில் ஒரு நாளிதழின் நிருபர். அவர் மாவட்டத்தின் சமவெளிப் பகுதியில் இருந்த தீயணைப்பு நிலையங்களில் ஒன்றில் லீடிங் ஃபயர்மேன். வண்டி கிளம்பினால் அந்தக் குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. எந்த நிலையம், என்ன பெயர் என்று எழுதப்போவதில்லை. பெயர் போடுவது அவருக்குப் பிடிக்காது. அவருடைய பெயரை மட்டுமல்ல, யாருடைய பெயரையும்.

தினமும் காலையில் நிலையத்துக்குப் போன் செய்து முந்தைய நாள் அழைப்புகளைக் கேட்பது என் வேலை. வேறு யார் எடுத்தாலும் செய்தி கிடைக்கும். அவர் எடுத்தால் ஒரே வாக்கியம்தான் கிடைக்கும்.

"ஒருத்தர் கிணத்துல விழுந்துட்டாரு தம்பி. கால் தவறி."

"எப்படிண்ணே தவறுச்சு?"

"கால் தவறித்தான்."

தொட்டிக்குள் மாட்டியவர், ஜன்னல் கம்பியில் சிக்கியவர், தென்னை மரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர், எல்லோருமே அவர் கணக்கில் கால் தவறியவர்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் யாருக்குமே கால் நேராக நிற்காதா என்று என் ஆசிரியர் ஒருமுறை கேட்டார்.

ஆள் ஒல்லி, நடுத்தர உயரம். இஸ்திரி கலையாத காக்கி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளை நூல்கண்டு. அவசரம் என்று ஊரே கத்திக்கொண்டிருக்கும்போது வண்டியிலிருந்து இறங்கி, கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல நடந்து வருவார். முகத்தில் எதுவும் எழுதியிருக்காது.

நூல்கண்டு எதற்கு என்று ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். மாப்பிள்ளையின் விரலில் பெண்வீட்டு மோதிரத்தை யாரோ பலவந்தமாக ஏற்றிவிட்டார்கள். விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருந்தது. மணமேடையைச் சுற்றி இரண்டு வீட்டுக்காரர்களும் சகுனம் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். பூட்ஸ் போட்ட ஆறு பேர் மேடை ஏறினார்கள். அவர் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நூலை விரலில் நெருக்கமாகச் சுற்றியபடி, என்ன வேலை, எந்த ஊரில், ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா என்று விசாரித்தார். மாப்பிள்ளை மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது மோதிரம் கழன்றுவிட்டது. அவர் எழுந்து, கூட்டத்துக்குக் கேட்கிற குரலில் சொன்னார்: "மோதிரம் அளவு கம்மி. மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல."

இரண்டு வீட்டாரும் ஒரே சமயத்தில் நகை ஆசாரியைத் திட்டத் தொடங்கினார்கள். கல்யாணம் நடந்தது.

சாணார்பட்டிப் பக்கத்துக் கிணறு வேறு வகை. ஒரே கிணற்றில் பங்குள்ள இரண்டு சகலைகள். மோட்டார் ஓட்டுகிற முறையில் தகராறாகி மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒருநாள் மோட்டாரைப் பார்க்க இறங்கியவர் வழுக்கி விழுந்தார். மேலே இருந்த சகலை யோசிக்காமல் குதித்தார். இருவருக்கும் ஏற வழியில்லை. குழு போய்ச் சேர்ந்தபோது, முழங்கை அகலம் உள்ள ஒரே கல் திட்டில் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்றிருந்தார்கள். அப்போதும் பேசவில்லை. பேச வேண்டியதை எல்லாம் மேலே அண்ணாந்து அவரிடம் சொன்னார்கள்.

"ஏங்க, பக்கத்துல நிக்கிறவரை என் காலை மிதிக்க வேண்டாம்னு சொல்லுங்க."

அவர் கிணற்றுக்குள் குனிந்து, நாலடி கூடப் போக வேண்டியிராத அந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். "அண்ணே, அவுக காலை மிதிக்காதீகளாம்."

"நான் மிதிக்கலைன்னு சொல்லுங்க."

"மிதிக்கலையாம்ணே."

கயிறு இறங்கியதும் முதலில் யார் ஏறுவது என்பதும் இதே வழியில்தான் முடிவானது. இருவருமே மற்றவரை முதலில் ஏற்றச் சொன்னார்கள், நேராகச் சொல்லவில்லை. மொத்தம் பதினொரு செய்திகளை அவர் முகம் மாறாமல் கைமாற்றினார் என்று கயிறு பிடித்தவர் எண்ணி வைத்திருந்தார். அன்று கல்குவாரி வளைவில் நான்கு நிமிடம் போதவில்லை என்று குழு மனு போட்டதாகவும், அது நிராகரிக்கப்பட்டதாகவும் கேள்வி.

பதிவேட்டில், இருவர் கால் தவறி. குதித்தவர் எப்படிக் கால் தவறியவர் ஆவார் என்று கேட்டேன்.

"காப்பாத்தக் குதிச்சாருன்னு பேப்பர்ல வந்தா, அவரு பேசியாகணும்ல. அதுக்கு அவரு இன்னும் தயாராகல தம்பி."

சிரிப்புக்கு ஏன் இத்தனை காவல் என்று ஒருமுறை டீக்கடையில் கேட்டேன். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில், கழிவறைத் தொட்டியின் மூடி உடைந்து பெரியவர் ஒருவர் உள்ளே போய்விட்டார். வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்கும் என்று வீட்டார் தாங்களாகவே இரண்டு மணி நேரம் முயன்றிருக்கிறார்கள். அதன் பிறகுதான் போன் செய்தார்கள்.

"நாங்க போறப்ப…" என்று ஆரம்பித்தவர் கிளாஸில் மிச்சமிருந்த டீயைக் கீழே ஊற்றினார். "அவுகளுக்குக் கிணத்தப் பாத்துப் பயம் இல்ல, நெருப்பப் பாத்துப் பயம் இல்ல. நம்ம பல்லப் பாத்துத்தான் பயம். ஒருத்தன் சிரிச்சான்னா அந்தத் தெருவுல அடுத்த தடவ போன் வராது."

அப்படியானால் அடியோடு சிரிக்காமல் இருந்துவிடலாமே என்றேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. இதே ஆட்கள்தான் விபத்தில் நசுங்கிய காரையும் வெட்டுகிறார்கள். சிரிக்க வேண்டியதையும் உள்ளே போட்டு அடைத்தால் ஆள் கெட்டுப்போவான். குழுவுக்கு அவர் சொல்கிற வாசகம் ஒன்று உண்டு. புதிதாகச் சேருகிறவர் ஹெல்மெட் வாங்கும் முன்பே அதை வாங்கிக்கொள்வார்: "சிரிப்பு எங்கயும் ஓடிப்போயிராது. வண்டியில ஏத்திக்கிட்டு வாங்க."

ஆனால் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மற்றவர்கள் சிரிக்கும் நான்கு நிமிடமும் அவர்களுக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்து நிற்பார். அவருக்கு நகைச்சுவை உணர்ச்சி கிடையாது என்று ஒரு கட்சி. பல்லில் ஏதோ கோளாறு என்று இன்னொரு கட்சி.

குழுவில் ஒருவருக்கு 'நடிகர்' என்று பெயர். முப்பது வயதைத் தாண்டியவர். ஊர்த் திருவிழா நாடகங்களில் வேஷம் கட்டியவர். ஒவ்வொரு அழைப்பிலும் சிக்கிக்கொண்டவர் எப்படி நின்றார், எப்படிக் கத்தினார் என்பதை அந்த நான்கு நிமிடத்துக்குள் நடித்துக் காட்டுவது அவர் பொறுப்பு. லீடிங் அண்ணனை ஒருதடவையாவது சிரிக்கவைத்துவிட வேண்டும் என்று ஆறு வருடமாக முயன்று வந்தார். அண்ணனின் முதுகு அசைந்ததில்லை.

அது அசைந்த நாளின் கதையைத்தான் சொல்ல வேண்டும். சொல்லலாமா என்ற தயக்கம் எனக்கு இல்லை. சம்பந்தப்பட்டவரே இப்போது பால் சங்க ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொல்கிறார்.

ரெட்டியார்சத்திரத்துக்கு அப்பால் ஒரு கிராமம். அங்கே பால் சங்கத் தலைவர் தன் தோட்டத்தில் புதிதாக மாட்டுக் கொட்டகை போட்டிருந்தார். மாடுகள் வரிசையாக நின்று தீனி தின்னும் இடத்தில், தலையை உள்ளே விட்டதும் தானாகப் பூட்டிக்கொள்ளும் இரும்புச் சட்டம். சங்க உறுப்பினர்களை அழைத்துக் காட்டினார். இது மாட்டின் கழுத்தை நெரிக்காதா என்று ஒருவர் கேட்டார். நெரிக்காது என்று தலைவர் வாயால் சொல்லியிருக்கலாம். அவர் செயல்வீரர். இரண்டு மாடுகளுக்கு நடுவே காலியாக இருந்த இடத்தில் தன் தலையை விட்டுக் காட்டினார்.

சட்டம் பூட்டிக்கொண்டது. அவர் சொன்னது சரிதான், கழுத்தை நெரிக்கவில்லை. திறக்கவும் இல்லை. திறக்கும் கைப்பிடியை நாலு உறுப்பினர்கள் சேர்ந்து இழுத்ததில் அது வளைந்து போனது.

குழு போனபோது தலைவர் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியோடு மாடுகளின் வரிசையில் குனிந்து நின்றிருந்தார். எதிரே உறுப்பினர்கள் கைகட்டி நின்றார்கள். தலைவர் நிற்கும்போது உட்கார முடியாதல்லவா. வலதுபக்கத்து மாட்டுக்குத் தலைவரின் தலையெண்ணெய் பிடித்துவிட்டது. நாக்கு நீளும் தூரத்தில் இருந்ததால் விடாமல் நக்கிக்கொண்டிருந்தது. அந்த மாடும் பூட்டிக்கிடந்தது; நகர்த்த வழியில்லை.

அவர் நிதானமாகப் போய், தலைவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து வணக்கம் சொன்னார். பிறகு தன் ஹெல்மெட்டைக் கழற்றித் தலைவர் தலையில் மாட்டினார். மாடு ஹெல்மெட்டை நக்கத் தொடங்கியது. கழுத்தைச் சுற்றி ஈரத் துணி வைத்து, இரும்பை விரிக்கும் கருவியை நடிகரும் இன்னொருவரும் பொருத்தினார்கள். அந்த நேரம் முழுக்க அவர் பால் விலை பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். கொழுப்பு எம்புட்டு வருகிறது, கறவை குறையும் மாதத்தில் என்ன செய்கிறார்கள். தலைவரும் குனிந்தபடியே விரிவாகப் பதில் சொன்னார். நடுவில் அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. கையை மடக்கி எடுத்து, ஹெல்மெட்டுக்கு அடியில் செருகி, கம்பீரம் குறையாமல் பேசினார்:

"மீட்டிங்ல இருக்கேனுங்க. அப்பறமாக் கூப்பிடுங்க."

ஆறு பேரில் ஒருவர் முகமும் மாறவில்லை. கருவியை அழுத்திக்கொண்டிருந்தவர் உதட்டைக் கடித்ததில் லேசாக ரத்தம் வந்தது என்று பிறகு சொன்னார்கள். பத்து நிமிடத்தில் தலைவர் நிமிர்ந்தார். எல்லோருக்கும் மோர் வந்தது. குடித்தார்கள், கும்பிட்டார்கள், கிளம்பினார்கள். ஹெல்மெட் தலைவரின் தலையிலேயே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை, தலைவர் உட்பட.

மூடிய பங்க்கில் வண்டி நின்றது. அவர் இறங்கி, கடிகாரம் பார்த்து, "ம்" என்றார்.

நடிகர் வண்டியில் கட்டியிருந்த ஏணியை இறக்கி, இரண்டு படிகளுக்கு நடுவே தலையை விட்டார். ஓட்டுநர் தானாகவே மாட்டு வேஷம் ஏற்றுக்கொண்டார். பால் கொழுப்பு பற்றி நடிகர் உரையாற்றத் தொடங்கினார். நடுவில் ஒரு கையைச் சட்டைப் பைக்கு வளைத்தார்.

"மீட்டிங்ல இருக்கேனுங்க."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. குக்கர் விசில் வருவதற்கு முன்னால் சீறுமே, அப்படி ஆரம்பித்ததாம். திரும்பிப் பார்த்தால், லீடிங் அண்ணன் வண்டியின் முன்பக்கத்தில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்திருக்கிறார். தோள் குலுங்குகிறது. கண்ணில் தண்ணீர். நெஞ்சைப் பிடித்தபடி, "போதும்டா அப்பு, போதும்" என்கிறார். மற்றவர்கள் தங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் சிரிப்பதைப் பார்த்தார்கள். நடிகர் மட்டும் நிறுத்தவில்லை. ஆறு வருட உழைப்பு அல்லவா. ஏணிக்குள் இருந்தபடியே இரண்டாவது போனையும் எடுத்தார்.

சாலையை யாரும் பார்க்கவில்லை.

தலைவர் புல்லட்டை நிறுத்தி இறங்கினார். பின்சீட்டில் கொய்யாக் கூடை. ஆயக்குடியில் உள்ள மாமனார் தோப்பிலிருந்து அன்று காலையில் வந்தது. ஹேண்டிலில் ஹெல்மெட். ஏணிக்குள் இருந்த தலையைப் பார்த்தார். நாக்கை நீட்டியபடி உறைந்து நின்ற ஓட்டுநரைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்த அவரைப் பார்த்தார். கூடையைச் சாலையோரத்தில் வைத்து, ஹெல்மெட்டை அதன்மேல் கவிழ்த்தார்.

"இனி என் வீடே பத்திக்கிட்டு எரிஞ்சாலும் உங்களக் கூப்பிட மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கொய்யாவை நிலையத்தில் ஒருவரும் தொடவில்லை. மூன்று நாளில் கட்டடம் முழுக்கப் பழ வாசனை. நான்காம் நாள் புகார் வந்தது. தலைவருக்கு மாவட்ட அளவில் ஆள் உண்டு. விசாரணைக்கு உத்தரவானது. நடிகரைக் கடலோரத்து நிலையம் ஒன்றுக்கு மாற்றப்போகிறார்கள் என்று உத்தரவுக்கு முன்பே பேச்சு வந்துவிட்டது. நடிகரின் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். நிலையத்தில் சமையல் முறை நடிகருடையதாக இருந்த நாட்களை மற்ற நால்வரும் கேட்காமலே பங்கு போட்டுக்கொண்டார்கள்.

லீடிங் அண்ணனை வாட்டியது அந்த மாறுதல் மட்டுமல்ல. அந்த வாரம் நான் போன் செய்தபோது, வழக்கமான ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவராகவே இன்னொன்று சொன்னார்: "அந்த ஊர்ல இருந்து இனிமே போன் வராது தம்பி."

விசாரணை நடந்த அறையில் நான் இல்லை. இருந்தவர்கள் மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்டதில், மூன்றும் ஒத்துப்போன பகுதியை மட்டும் எழுதுகிறேன்.

விசாரணை அதிகாரி அதே துறையில் கீழிருந்து வந்தவர். மேசைக்கு ஒருபக்கம் ஆறு பேரும் நின்றார்கள். மறுபக்கம் தலைவர் உட்கார்ந்திருந்தார். புகாரில், தன்னை மீட்டுவிட்டு வழியில் வண்டியை நிறுத்திக் கேலி செய்து சிரித்தார்கள் என்று மட்டும் இருந்தது. எதிலிருந்து மீட்டார்கள் என்று தலைவர் எழுதவில்லை. அதிகாரி பதிவேட்டைப் பிரித்தார். 'இரும்புக் கம்பியில் சிக்கிய ஓர் உயிர் மீட்கப்பட்டது. கால் தவறி' என்று இருந்தது.

சிரித்தது உண்மையா என்று அதிகாரி கேட்டார். உண்மை என்றார்கள். எதற்குச் சிரித்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஓட்டுநர், ஏதோ பழைய ஜோக் என்றார். இன்னொருவர், சொந்த விஷயம் என்றார். நடிகர் தனக்கு மறந்துவிட்டது என்றார். மற்ற இருவருக்கும் அதே ஞாபகமறதி. நடந்ததைச் சொல்லாவிட்டால், காரணமில்லாமல் பணி நேரத்தில் சிரித்ததாக எழுத வேண்டிவரும், அது இன்னும் மோசம் என்று அதிகாரி எச்சரித்தார். யாரும் வாய் திறக்கவில்லை. நடிகர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தலைவர் இதை எதிர்பார்க்கவில்லை. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள எல்லாவற்றையும் ரசித்துச் சொல்வார்கள், அதற்கு எப்படிப் பதில் கொடுப்பது என்று வீட்டிலேயே தயார் செய்துகொண்டு வந்திருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, லீடிங் அண்ணனிடம் திரும்பினார்.

"ஏனுங்க, சொல்லிப்போட்டா உங்களுக்குத்தான நல்லது?"

"அது உங்க விசயம்ணே. நாங்க சொல்றதுக்கு இல்ல."

பிறகு அவர் அதிகாரியைப் பார்த்துச் சொன்னார். அவர் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசி மற்றவர்கள் கேட்டதில்லை. "ஐயா, இவுக சிரிச்சதுல தப்பு இல்ல. நான் குடுத்த எடம், நான் குடுத்த நேரம். அப்ப ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்கிறது என் வேலை. வீட்டுக்காரங்க யாரும் அந்தப் பக்கமா வந்து பாத்து மனசு நோகக் கூடாதுன்னுதான் நான் சிரிக்கிறதில்ல. அன்னைக்கு ஒருநாள் சிரிச்சுட்டேன். ரோட்டப் பாக்கல. தண்டனைய எனக்குக் குடுங்க."

இத்தனை வருடம் அவர் ஏன் முதுகைக் காட்டி நின்றார் என்பது ஐந்து பேருக்கும் அப்போதுதான் தெரிந்தது. நடிகர் அழுதார் என்று ஒருவர் சொன்னார். மற்ற இருவர் உறுதிப்படுத்தாததால் விட்டுவிடுகிறேன்.

தலைவர் தானே எழுந்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னார். மாட்டுக் கொட்டகை, செயல்முறை விளக்கம், தலையெண்ணெய், போன். ஒன்றையும் விடவில்லை. அவர் உட்கார்ந்ததும் அதிகாரி ஏதோ கோப்பு எடுத்துவர வேண்டும் என்று சொல்லிப் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். லீடிங் அண்ணன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரி திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. கையில் கோப்பு எதுவும் இல்லை.

தலைவர் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. "அந்தத் தம்பி என்ன செஞ்சாருன்னு நான் சரியாப் பாக்கலைங்க. கோவத்துல வந்துட்டேன். நான் எப்படித்தான் நின்னேன்னு நானும் பாக்கணும்."

அலுவலக வளாகத்துக்குள் கூடாது என்றார் அதிகாரி.

அன்று மதியம் லீடிங் அண்ணன் எனக்குப் போன் செய்தார். அவராகச் செய்த ஒரே போன் அது. "பங்க்குக்கு வாங்க தம்பி. பேனா வேண்டாம்."

நான் போனபோது ஏணி தயாராக இருந்தது. நடிகர் முதலில் கூச்சப்பட்டார். தலைவர் அதட்டினார். இரண்டாவது வாக்கியத்திலேயே நடிகருக்கு வேகம் வந்துவிட்டது. தலைவர் கன்னத்தில் கைவைத்து, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பார்த்தார். பாதியில் நிறுத்தச் சொல்லி, இடது கை முழங்காலில் இல்லை, முதுகுக்குப் பின்னால் இருந்தது என்று திருத்தினார். மாட்டின் நாக்கு இன்னும் நீளம் என்று ஓட்டுநருக்கும் சொன்னார். போன் அடிக்கும் இடம் வந்தது. நடிகர் கையை மடக்கினார்.

தலைவர் முந்திக்கொண்டார். "மீட்டிங்ல இருக்கேனுங்க" என்று அவரே சொல்லிவிட்டு, உடைந்த சிமெண்ட் திட்டில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். மேல்துண்டால் வாயைப் பொத்தினார், நிற்கவில்லை. ஐந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். நானும்தான்.

அவர் சாலையோரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். ஒருமுறை திண்டுக்கல் பக்கம் பார்த்தார், ஒருமுறை ஒட்டன்சத்திரம் பக்கம் பார்த்தார். நான் அருகில் போனேன். இப்போது யாருக்காகக் காவல் நிற்கிறீர்கள், நோகக்கூடிய ஆளே இங்கேதானே சிரித்துக்கொண்டிருக்கிறார் என்றேன்.

"யாராச்சும் ஒருத்தர் ரோட்டப் பாக்கணும்ல தம்பி" என்றார். நான்கு நிமிடம் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

நடிகருக்கு மாறுதல் வரவில்லை, மகள் பிறந்தாள். 'எதிர்காலத்தில் கவனமாக இருக்கவும்' என்று லீடிங் அண்ணனின் பணிப் பதிவேட்டில் ஒரு வரி ஏறியது. எதில் கவனம் என்று அதில் இல்லை.

ஆனால் அந்த ஊரிலிருந்து போன் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். காலையில் நான் கேட்காமலே, "இன்னும் இல்ல" என்பார். தலைவர் சிரித்தது சரி, ஊர்க்காரர்கள் சிரிப்புக்குப் பயந்து போனை எடுக்காமல் இருந்தால் என்ன செய்வது என்பது அவர் கவலை. அங்கே யாருக்கும் எதுவும் நேராமல் இருக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். அத்தனை கிணறு இருக்கிற ஊரில் அப்படி நடக்காது என்றார்.

மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம் நான் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவர் எடுத்தார். தலைவரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஏனுங்க, நாந்தானுங்க. தோட்டத்துக் கிணத்துல மாடு விழுந்துபோச்சு."

அவர் பென்சிலை எடுத்தார். கிணற்றின் ஆழம் கேட்டார், தண்ணீர் மட்டம் கேட்டார், படி உண்டா என்று கேட்டார். ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். கடைசியாக வழக்கமான கேள்வி: "உள்ள எத்தன பேரு இருக்காக?"

"இந்தத் தடவ மாடு மட்டுந்தானுங்க."

நடிகரும் ஓட்டுநரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அதில் எதுவும் இல்லை. போனை வைத்துவிட்டு மணியை அடிக்கச் சொன்னார். ஆட்கள் ஓடினார்கள். அவர் தன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர் நின்றார். திரும்பி வந்து, அலமாரியிலிருந்து இன்னொரு ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு வண்டி ஏறினார்.